ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா: எந்த டிஸ்க் மிரரிங் உங்களுக்கு செட் ஆகும்?

சுந்தரபாண்டியத்தில் ஒரு கைத்தறிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். டிசைன், பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். ஹார்டு டிஸ்க் போனா?

அதற்குத்தான் மிரரிங், அதாவது ரெய்டு 1. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா பதிவாகும். ஒன்று போனாலும் வேலை நிற்காது. 2 டிபி டிஸ்க் இரண்டு மாட்டினாலும் கிடைக்கும் இடம் 2 டிபிதான்.

ஹார்டுவேர்: தனி கன்ட்ரோலர் கார்டு. பேட்டரி உள்ள கார்டு என்றால், திடீர்னு கரன்ட் போனாலும் பாதி எழுதிய டேட்டா தப்பும். ஆனால் விலை அதிகம். கார்டு பழுதானால் பெரும்பாலும் அதே கம்பெனி கார்டைத்தான் தேடணும்.

சாஃப்ட்வேர்: லினக்ஸில் இலவசம். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டியும் டேட்டாவை எடுக்கலாம்.

சின்னக் கடைக்கு சாஃப்ட்வேர் மிரரிங்கும் ஒரு யுபிஎஸ்ஸும் போதும். ஆனால் மிரரிங் பேக்கப் கிடையாது: கைதவறி ஃபைலை அழித்தால் இரண்டிலும் காலி. வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து வீட்டில் வைங்க.