பாயிண்டுக்கு ஏற்ற மோட்டார் எது? பொம்மை ரெயிலுக்கும் நிஜ ரெயிலுக்கும் ஒரே தலைவலி!

காங்கேயம்,

காங்கேயத்துக்கு ரெயில் கிடையாது. ரெயில் ஏற பஸ் பிடித்து ஊத்துக்குளிக்கோ, திருப்பூருக்கோ, ஈரோட்டுக்கோதான் போக வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஸ்டேஷன் நெருங்கும்போது வண்டி 'கடகட' என்று ஆடிக்கொண்டே பக்கத்து லைனுக்கு மாறும். அந்த இடத்துக்குப் பெயர் 'பாயிண்ட்'. கத்தி போல சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் அங்கே இடமும் வலமும் நகரும். நகர்த்துவது, பக்கத்தில் கிடக்கும் இரும்புப் பெட்டி. உள்ளே இருப்பது 110 வோல்ட் மோட்டார்.

மோட்டார்தானே, எதை வைத்தால் என்னங்க? அங்கேதான் வில்லங்கம்!

ஜோடிப் பொருத்தம்

மாடு ஜோடி சேர்க்கும் காங்கேயத்துக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயரமும் நடையும் ஒத்துப்போகாத இரண்டு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி நேராகப் போகுமா?

பழைய ரக பாயிண்டில் நாக்கு நகர வேண்டிய தூரம் 115 மில்லி மீட்டர். அதற்கு 143 மில்லி மீட்டர் தள்ளும் மெஷின் போதும். இப்போது வரும் கனத்த நாக்குக்கு 160 மில்லி மீட்டர் இடைவெளி வேண்டும். பழைய மெஷின் எட்டாது. 220 மில்லி மீட்டர் தள்ளும் மெஷின்தான் பூட்ட வேண்டும். கோவை அருகே போத்தனூர் ரெயில்வே சிக்னல் தொழிற்கூடத்தில் பாயிண்ட் மெஷின்கள் தயாராகின்றன.

பொம்மையிலும் அதே கதை

மேஜை மேல் பொம்மை ரெயில் ஓட்டுகிறவர்களும் இதே பாடுதான் படுகிறார்கள். அங்கே தண்டவாள அகலமே 16.5 மில்லி மீட்டர்தான்.

இங்கிலாந்து 'பீக்கோ' கம்பெனி பாயிண்டுக்குள் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும். 'டக்' என்று அடிக்கும் காயில் மோட்டார் அதற்குத் தோது. ஆனால் சுவிட்சை ஒரு நொடிக்கு மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் காயில் புகைந்துவிடும்!

அமெரிக்காவில் 'ஆமை' என்ற பொருளில் 'டார்ட்டாய்ஸ்' என்றே ஒரு மோட்டாருக்குப் பெயர். மெல்ல நகர்த்தி, நாக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்கும். கரண்ட் போய்க்கொண்டே இருந்தாலும் கருகாது. ஆனால் அதை பீக்கோவில் மாட்டினால் ஸ்பிரிங்கும் மோட்டாரும் மல்லுக்கு நிற்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டுகிறார்கள்.

5 மில்லி மீட்டர் சோதனை

பொம்மை தடம் புரண்டால் கையால் எடுத்து வைத்துவிடலாம். நிஜத்தில்?

2023 ஜூன் 2-ந் தேதி. ஒடிசாவின் பாஹாநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனில் பச்சை விளக்கு. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு ரெயிலில் மோதி 290-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அங்கே மோட்டார் மீது பழி இல்லை. சிக்னல் ஒயரிங்கில் நடந்த தவறு என்றது விசாரணை.

நாக்கு எங்கே நிற்கிறது என்று சிக்னலுக்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும். அதற்காகவே ஒரு சோதனை. நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லி மீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டை வைத்து மெஷினை ஓட்டுவார்கள். மெஷின் பூட்டக்கூடாது. 'சேர்ந்துவிட்டது' என்று சிக்னலுக்குத் தகவலும் போகக்கூடாது. அரிசி ஆலை பெல்ட் வழுக்குவதுபோல உள்ளே கிளட்ச் வழுக்க வேண்டும். மோட்டாரும் கருகாது.

பூட்டிக்கொண்டால் அந்த மெஷின் பெயில். சரி செய்யாமல் அதன் மேல் வண்டி விடமாட்டார்கள்.