மூன்றாம் நாள் வலிக்குப் பயந்து நடையை நிறுத்தலாமா? முதியவர்களின் தசை மீள என்ன வழி?

விடிந்தும் விடியாத நேரம். இராஜாக்கமங்கலம் துறை கடற்கரை. டாக்டர் சொல்லிவிட்டாரே என்று, அறுபதைத் தாண்டிய ஒருவர் முதல் நாளே மணலில் ஒரு மணி நேரம் நடக்கிறார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கெண்டைக்கால் லேசாகப் பிடிக்கிறது. மூன்றாம் நாள் கட்டிலைவிட்டு இறங்கவே முடியவில்லை. ''இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் வேணுமா?'' என்று வீட்டில் ஒரு குரல். அத்தோடு நடை நின்றுபோகிறது.

எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான் இது. ஆனால், நஷ்டம் வலியால் வருவதில்லை. வலிக்குப் பயந்து நிறுத்துவதால்தான் வருகிறது. வயது ஏற ஏறத் தசை தானாகவே கரையும். உழைப்பும் நின்றால் அது இன்னும் வேகமாகும். அடுத்து நடை தளரும், தடுமாறி விழும் அபாயம் கூடும்.

ஏன் வலிக்கிறது?

பழக்கமில்லாத வேலை கொடுக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்யும்போது வீக்கமும் வலியும் வரும். 24 மணி நேரத்தில் தொடங்கி, 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தணியும். 1902-லேயே அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹாஃப் இதைப் பதிவு செய்திருக்கிறார். 'லாக்டிக் ஆசிட் தேங்கியதால் வலி' என்பது தவறு. பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே அது ரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் தசையை அதிகம் சிதைக்கும். பொற்றையடி பக்கம் மருந்துவாழ் மலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கிய மறுநாள்தான் தொடை கதறும். இறங்குகையில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதுதான் காரணம். புதைமணலும் லேசுப்பட்டதல்ல. கெட்டியான தரையைவிட அதில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும்.

இளைஞர்களைவிட முதியவர்களின் தசை மெதுவாகவே மீளும். சிதைவைச் சரிசெய்யும் செல்கள் குறைவதும், சாப்பிடும் புரதத்தைத் தசை முன்புபோல் பயன்படுத்தாததும் இதற்குக் காரணங்கள்.

என்ன செய்யலாம்?

* இடைவெளி: கடினமான பயிற்சிக்குப் பிறகு இரண்டு நாள் விடுங்கள். அதற்காகப் படுத்தே இருக்க வேண்டாம். வீட்டு முற்றத்தில் மெதுவாக நடந்தாலே ரத்த ஓட்டம் கூடி, பிடிப்பு தளரும்.

* சிறுகத் தொடக்கம்: முதல் வாரம் கெட்டியான தரையில் 10, 15 நிமிடம் போதும். மணல், படிக்கட்டு, மேடெல்லாம் பிறகு. ஒருமுறை சிதைந்து மீண்ட தசை, அதே வேலைக்கு அடுத்த முறை அவ்வளவு வலிக்காது.

* புரதம்: பயிற்சி செய்யும் முதியவர்களுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 1.2 கிராம் புரதமாவது வேண்டும் என்று சர்வதேச வல்லுநர் குழு 2013-ல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடை என்றால் 72 கிராம். மரச்சீனிக்கிழங்கு மட்டும் சாப்பிட்டால் இது கிடைக்காது. கூடவே சாளை மீன் கறி இருந்தால் கிடைக்கும். 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. சைவர்களுக்குப் பயறு, கடலை, பால், தயிர். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

* தண்ணீர்: வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீரோ மோரோ குடியுங்கள்.

* எண்ணெய், வெந்நீர்: இதமாகத் தடவுவது வலியைக் குறைக்கும், அழுத்திப் பிசைய வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு வெந்நீரின் சூடு தெரியாது. வீட்டில் ஒருவர் கைவைத்துப் பார்க்கட்டும்.

* மாத்திரை: கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல, முதியவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கக்கூடியவை. தானாகப் போடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

குமரியில் 'கட்டன்' என்பார்களே, அந்தப் பால் இல்லாத தேநீரின் நிறத்தில் சிறுநீர் போனால் தாமதிக்கவே கூடாது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தசைவலி தொடர்ந்தால், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

90-லும் முடியும்!

1990-ல் வெளியான ஓர் ஆய்வு. பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரம். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது.

அதனால் மூன்றாம் நாள் காலை தாத்தாவோ பாட்டியோ 'கால் வலிக்குது' என்றால், 'இதெல்லாம் வேணுமா' என்று கேட்காதீர்கள். ஒரு முட்டையை அவித்துக் கொடுத்து, 'ரெண்டு நாள் கழிச்சு நானும் கூட வாறேன்' என்று சொல்லுங்கள்.