மானியம் வராததற்குக் காரணம் பட்டாவில் இருக்கலாம்

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளைகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போனால் பன்னீர் திராட்சையும் வாழையும் தென்னையும். கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் நம் குடும்பங்கள் பலவும் இந்த மண்ணை நம்பியே வாழ்கின்றன. "பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அரசுப் பணம் வருகிறது, நமக்கு ஏன் வரவில்லை?" என்ற கேள்வியும் வீடுதோறும் இருக்கிறது.

பெரும்பாலான உதவிகளில், யார் பாடுபடுகிறார் என்பதை அரசு பார்ப்பதில்லை. நில ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறது என்றே பார்க்கிறது.

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். 1.2.2019 நிலவரப்படி நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். அதன் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடைக்காது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதில் ஒருவருக்கே பணம். வருமான வரி கட்டுவோருக்குக் கிடையாது. 2020ல் தமிழகத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் அதிகமானோர் இதில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது நினைவிருக்கும். இப்போது ஆதார் இணைப்பு, இ-கேஒய்சி, நில ஆவணச் சரிபார்ப்பு மூன்றும் சரியாக இருந்தால்தான் பணம் வரும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதற்கும் சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று தேவை.

குத்தகைக்கு உழுபவர்களுக்கும், வக்ஃப் நிலத்தில் பயிர் செய்பவர்களுக்கும் பி.எம். கிசான் பணம் கிடையாது. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் தன் பெயரில் அடங்கல் பெற்று, கடைசித் தேதிக்கு முன் பதிய வேண்டும்.

நம் வீடுகளில் பெரும் சிக்கல், இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடப்பதுதான். பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உழுவார்கள். ஆவணத்தில் ஒருவர் பெயரும் இருக்காது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பணி 2025ல் தொடங்கியபோதும் இத்தகையவர்களே தவித்தார்கள். வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றும் எடுத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பதே வழி. பங்கைத் தனித்தனியாக அளந்து பிரிக்க வேண்டுமானால் உட்பிரிவுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

அப்போது சகோதரிகளின் பெயரை விட்டுவிடக் கூடாது. "கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு எதற்கு நிலம்?" என்ற பேச்சு மார்க்கத்திலும் நிற்காது, சட்டத்திலும் நிற்காது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் 1949லேயே சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கிவிட்டது. எனவே நஞ்சை, புஞ்சை எதுவானாலும் பெண் மக்களுக்கு உரிய பங்கு உண்டு. பங்கு பெயரில் ஏறினால், தகுதியுள்ள சகோதரியின் குடும்பம் தனியாக உதவி கோரவும் வழி பிறக்கும்.

பெரியவர்கள் இருக்கும்போதே பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம்.