சித்தம்பூண்டிக் கல்லும் சந்திரன் தரையும்

ஈப்போவில் கல்லுமலை முருகன் சந்நிதியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களின் தலைக்கு மேல் எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் பாறை, ஆதிகாலத்துக் கடலில் வாழ்ந்த ஜீவராசிகளின் ஓடுகள் படிந்து இறுகியதால் உண்டானது. ஆகையால், ஜீவராசிகள் வாழ்ந்த கடல் எதுவும் இல்லாத சந்திரனில் இப்படிப்பட்ட கல்லைத் தேடிப் பயனில்லை. ஆனால், பேராக் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த நம் முன்னோரில் பலர் விட்டுப் புறப்பட்ட சேலம், நாமக்கல் பக்கத்திலோ, சந்திரனுடைய மேட்டு நிலத்துக் கல்லுக்கு நெருங்கிய உறவான பாறை மக்களின் காலடியிலேயே கிடக்கிறது.

அனார்தோசைட் என்பது அதன் பெயர். சந்திரன் தோன்றிய புதிதில் அதன் மேற்புறம் உருகிய பாறைக் குழம்பாகக் கொதித்ததென்றும், லேசான ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் காய்ச்சிய பாலின் ஆடைபோல அதில் மிதந்து உறைந்தே இன்று நாம் காணும் வெண்ணிற மேடுகள் ஆயினவென்றும் விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வேறு விதமாகப் பிறந்தது. எனினும், கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பாரே இரண்டிலும் பிரதானம்.

விண்வெளிப் பிரயாணம் என்றதும் 2007-இல் பறந்த நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபரின் முகமே நமக்கு நினைவில் எழுவது இயல்புதான். ஆயினும், போய் இறங்குகிற இடத்துத் தரை எப்படிப்பட்டது என்று அறியும் வேலை, புகைப்படத்துக்கு ஏற்றதன்றாயினும், அப்பிரயாணத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் ஆராய்ச்சியாளர்களின் துணையோடு, சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறையை அரைத்து ஏறக்குறைய 50 டன் தூளை, சந்திரனில் ஓடவிருந்த ஊர்தியைச் சோதிப்பதற்காக, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ பெங்களூருக்குக் கொண்டுசென்றது. ஆற்று மணலை அள்ளிப் பரப்பினால் ஆகாதா என்று கேட்கலாம். நீர் உருட்டி உருட்டி மழுங்கிய மணி அது. காற்றும் நீரும் தீண்டாத சந்திரத் துகளோ கூர்முனை மாறாதது, ஆகவே சக்கரம் அதில் புதைவதும் வழுக்குவதும் வேறு விதம். அத்தூளின்மீது, ஆறில் ஒரு பங்கான சந்திரனின் ஈர்ப்புக்கு ஈடாக ஹீலியம் பலூனால் எடையைக் குறைத்து, ஊர்தியை ஓட்டிப் பார்த்தார்கள். மேட்டு நில மண்ணைச் செய்யும் இம்முறைக்கு இஸ்ரோ 2020-இல் காப்புரிமையும் பெற்றது.

2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் சந்திரனின் தரையில் மோதியதால், அதனுள் இருந்த ஊர்தியின் சக்கரம் மண்ணைத் தொடவே இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவத்தை அடுத்த பகுதியில் பத்திரமாக இறங்க, 26 கிலோ எடையுள்ள அதன் ஊர்தியான பிரக்யான் சுமார் 100 மீட்டர் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அடுத்த ஆண்டு வெளியான முடிவின்படி, அங்கே இருந்தது பெரும்பாலும் அனார்தோசைட் வகையே.