பத்து விவசாயிகள் சேர்ந்தால் ஒரு கம்பெனி

நிலக்கடலையைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்து விட்டு, சில மாதம் கழித்து எண்ணெயைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது சிறு விவசாயிக்குப் பழகிப்போன சங்கதி. இதற்கு மாற்றுத் தேடி, சேர்ந்து செக்குப் போடலாம், விதையும் உரமும் மொத்தமாக வாங்கலாம், விளைச்சலை ஒன்றாக விற்கலாம் என்று பல ஊர்களில் விவசாயிகள் கூடிப் பேசுகிறார்கள். பேச்சு முடியும் தறுவாயில் யாராவது ஒரு பெரியவர், “தொழில் நொடித்தால் கடன் யார் தலையில் விழும்?” என்று கேட்பார். தொழில் தொடங்குமுன் விடை காண வேண்டிய கேள்வி அதுதான்.

கூட்டுத் தொழிலில் உள்ள அபாயம்

உதாரணமாக, ஐந்து பேர் ஆளுக்கு ரூ.20,000 போட்டுக் கூட்டாகச் செக்கு வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலை வாங்கிய வகையில் ரூ.6 லட்சம் கடன். எண்ணெய் விலை சரிந்து ரூ.4 லட்சம் பாக்கி நின்றுவிடுகிறது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப் பொறுப்பு. நால்வரிடம் பெயராவிட்டால், நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஐந்தாமவர் மீது முழுத் தொகைக்கும் வழக்குத் தொடரலாம். அவர் போட்டது ரூ.20,000, ஆபத்தில் நிற்பது பரம்பரை நிலம்.

லிமிடெட் கம்பெனியில் நிலைமை வேறு. சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஒரு தனி ஆள். அது வாங்கிய கடன் அதையே சேரும். பங்குதாரரின் பொறுப்பு, அவர் எடுத்த பங்கின் மதிப்போடு நின்றுவிடும். ரூ.1,000-க்குப் பங்கு எடுத்து முழுவதும் கட்டியவருக்கு அந்த ஆயிரம் போகலாம். நிலமும் வீடும் போகா.

விவசாயிகளுக்கென்றே ஒரு வகை

சாதாரணக் கம்பெனியில் அதிகப் பங்கு வைத்திருப்பவர் கையில் அதிகாரம் போய்ச் சேரும். இது சிறு விவசாயிக்கு ஒத்து வராது. எனவே பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, உற்பத்தியாளர் கம்பெனி என்ற புது வகை 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் வந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் இதற்கான தனி அத்தியாயம் 2020-இல் சேர்க்கப்பட்டது.

இதில் விவசாயம், கால்நடை, மீன் வளர்ப்பு, கைத்தறி போன்ற உற்பத்தியில் ஈடுபட்டவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். ஒருவருக்கு ஒரு பங்கு இருந்தாலும் நூறு பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. லாபத்தில் பங்குத் தொகைக்கு ஓர் அளவான வருமானம் தரப்படும். மீதியில் காப்பு நிதி ஒதுக்கியபின், யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார்களோ அந்த விகிதத்தில் போனஸ் வழங்கலாம். நூறு மூட்டை கொடுத்தவருக்குப் பத்து மூட்டை கொடுத்தவரைப் போல் பத்து மடங்கு கிடைக்கும்.

பதிவு செய்யும் முறை

குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர வேண்டும். மேல் வரம்பு கிடையாது. டைரக்டர்கள் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஆதார், பான் அட்டை, புகைப்படம், விவசாயி என்பதற்குச் சிட்டா, அடங்கல் போன்ற ஆதாரம், அலுவலக முகவரிக்குச் சான்று ஆகியவற்றை முதலிலேயே திரட்டிக் கொள்வது நல்லது. பான் அட்டைக்கும் ஆதாருக்கும் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மனு திரும்பி வரும்.

மனு முழுவதும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் வழியே போகிறது. காகிதக் கையெழுத்துக்குப் பதிலாக டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும். கம்பெனியின் பெயர் ‘உற்பத்தியாளர் கம்பெனி லிமிடெட்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் முடிய வேண்டும். தொழிலின் நோக்கங்களைக் கூறும் மெமோரண்டமும், உள் விதிகளைக் கூறும் ஆர்ட்டிகிள்ஸும் தயாரிக்க வேண்டும். இவற்றை ஆடிட்டர் அல்லது கம்பெனி செயலாளர் தொழில் செய்பவர் எழுதித் தருவார். ஆனால் தமிழில் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்டபின்தான் கையெழுத்திட வேண்டும். உறுப்பினர் விலகினால் என்ன செய்வது, சரக்கை வெளியே விற்றால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சான்றிதழ் வந்த பிறகு

பலர் சறுக்குவது இங்கேதான். 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். 90 நாளுக்குள் முதல் பொதுக்குழுவைக் கூட்டி டைரக்டர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பங்குத் தொகையை வங்கியில் கட்டி, 180 நாளுக்குள் அதற்கான உறுதிமொழியைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் வியாபாரம் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. உறுப்பினர் அல்லாத ஒருவரை முழு நேர முதன்மைச் செயல் அலுவலராக அமர்த்த வேண்டும். டைரக்டர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடி, நடவடிக்கைகளை நோட்டில் எழுத வேண்டும்.

ஆண்டுதோறும் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்வது கட்டாயம். வியாபாரமே நடக்காத ஆண்டுக்கும் விலக்கு இல்லை. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-இல் நாடெங்கும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் இவ்வாறு தகுதி இழந்தார்கள். ‘பேருக்கு இருங்கள்’ என்று கேட்பவர்களுக்காக டைரக்டராக ஒப்புக்கொள்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜாமீன் கையெழுத்தில் எச்சரிக்கை

கம்பெனி கடன் கேட்கும்போது வங்கி டைரக்டர்களிடம் சொந்த ஜாமீன் கேட்பது உண்டு. அதில் கையெழுத்திட்டால், சட்டம் தந்த பாதுகாப்பை அந்த அளவுக்குத் தாமே விட்டுக்கொடுத்ததாகும். கம்பெனி கட்டாத பாக்கிக்கு ஜாமீன்தாரரின் சொத்து பதில் சொல்ல வேண்டிவரும். சரக்கையோ இயந்திரத்தையோ ஈடாக வைத்து, சொந்த ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மோசடி செய்தவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

முதலில் கணக்கு, பிறகு பதிவு

2020-இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்றும், உறுப்பினருக்கு ரூ.2,000 வரையும் ஓர் அமைப்புக்கு ரூ.15 லட்சம் வரையும் பங்கு மானியம் என்றும் வகுக்கப்பட்டது. மானியம் வரும் என்று மட்டும் நம்பிப் பதிவு செய்யும் கம்பெனி, மானியம் தீர்ந்ததும் படுத்துவிடும். எத்தனை மூட்டை சரக்கு நிச்சயமாக வரும், யார் வாங்குவார்கள், அலுவலர் சம்பளமும் ஆடிட்டர் கட்டணமும் போக மிஞ்சுமா என்று ஒரு பருவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மிஞ்சாது என்றால் இன்னும் ஆள் சேர்க்கலாம். அல்லது ஓராண்டு குழுவாகவே, கடன் வாங்காமல், கைக்காசுக்கு வாங்கி விற்றுப் பழகலாம்.

மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகத்திலும், நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரிடமும் தற்போது நடைமுறையில் உள்ள உதவிகளைக் கேட்டறியலாம். அருகில் நன்றாக நடக்கும் உற்பத்தியாளர் கம்பெனி இருந்தால், அதன் நடவடிக்கை நோட்டையும் வரவு செலவையும் ஒரு நாள் போய்ப் பார்த்து வருவது மிகவும் பயன் தரும்.