கன்றின் வயதைச் சொல்லும் காலடி

சித்தூர் மாவட்டத்துக் குப்பம், பலமனேர் காடுகளுக்கு 1980களில் ஓசூர்ப் பக்கமிருந்து யானைகள் வந்தன. 1990இல் கவுண்டின்யா சரணாலயம் உருவானது. கிரானைட்டுக்கும் பேர்போன வட்டாரம் இது. குவாரி வெடிச் சத்தம் கன்று ஈன்ற தாயை விரட்டுகிறதா?

ரேடியோ காலர் மாட்ட மயக்க ஊசி தேவை. குட்டியோடு நிற்கும் தாய்க்கு அது ஆபத்து. எளிய வழி தரையிலேயே கிடக்கிறது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால், ஏறக்குறைய தோள் உயரம். சாண உருண்டையின் பருமனும் வயதைக் காட்டும். தாயின் வயிற்றுக்கடியில் நுழைகிற கன்றுக்குப் பெரும்பாலும் ஒரு வயதுகூட ஆகியிருக்காது. இவற்றைக் குவாரிக்கு அருகிலும் தொலைவிலும் மாதந்தோறும் குறித்து ஒப்பிட்டால் விடை தெரியத் தொடங்கும்.

சுமார் 22 மாதம் சுமந்து, பல ஆண்டுக்கொருமுறை ஈனும் இனம். ஒரு கன்றின் இழப்பை ஈடுகட்டவே ஆண்டுகள் ஆகும்.