கம்ப்யூட்டரை அணைக்கும்போது உள்ளே வேலை செய்வது யாரு?



நம்ம கம்ப்யூட்டர் அறையில் இருக்கிற மூன்றாவது மெஷின் உங்க எல்லாருக்கும் தெரியும். மற்ற மெஷின்களில் ஷட்டவுன் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். இது மட்டும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிக்கிட்டு ஒன்றரை நிமிஷம் நிற்கும். அதுக்குள்ள பெல் அடிச்சிடும். யாராவது சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டிட்டு ஓடிடுவாங்க. "அதுல வைரஸ் இருக்குடி" என்று பேரும் வந்தாச்சு. அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு நடந்தது. அது வைரஸ் இல்லை. ஷட்டவுனைத் தாமதம் செய்வது எந்தப் புரோகிராம் என்று கம்ப்யூட்டர் டீச்சரும் நாங்களும் சேர்ந்து தேடிப் பிடித்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

நாம் சுட்டியால் கிளிக் செய்து திறக்கும் புரோகிராம் நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் யாரும் திறக்காமலே ஓடுகிற புரோகிராம்களும் உண்டு. கடிகாரத்தைச் சரியாக வைப்பது, பிரிண்டருக்குப் போகும் தாள்களை வரிசையில் நிறுத்துவது, நெட்வொர்க்கை இணைப்பது எல்லாம் அவைதான். அவற்றுக்கு சர்வீஸ் என்று பெயர். தமிழில் சேவை.

அந்தச் சேவைகளை எழுப்புவது யாரு? நம்ம மெஷின்களில் இருப்பது பாஸ் லினக்ஸ். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு, நம்ம வருகைப் பதிவேட்டு எண் மாதிரி. கெர்னல் எழுந்தவுடன் முதலில் ஓட்டுகிற புரோகிராமுக்கு எண் 1. மற்ற சேவைகளை எழுப்புவதும், அணைக்கும்போது ஒவ்வொன்றாகத் தூங்க வைப்பதும் அந்த 1-ஆம் எண்காரர்தான்.

முன்பெல்லாம் அந்த இடத்தில் இனிட் என்ற பழைய புரோகிராம் இருந்தது. அதற்கென்று சில ஃபோல்டர்கள். அதில் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் இருந்தால் ஸ்டார்ட், கே என்றால் கில். பக்கத்தில் இரண்டு இலக்க எண். அந்த எண் வரிசைப்படிதான் வேலை நடக்கும். 2010-இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் என்ற இருவர் சிஸ்டம்டி என்ற புதியதைக் கொண்டு வந்தார்கள். டெபியன் 2015-இல், 8-ஆம் பதிப்பில், அதற்கு மாறியது. அது பிடிக்காமல் சண்டை போட்டுத் தனியாகப் பிரிந்து போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த லினக்ஸின் பெயர் டெவுவான். பெரியவங்களும் இப்படியெல்லாம் கோவிச்சுக்குவாங்க போல!

சிஸ்டம்டி அணைக்கும் முறை நம்ம பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கு. காலையில் முதலில் கேட், அப்புறம்தான் வகுப்பறை திறப்பாங்க. சாயங்காலம் வகுப்பறையைப் பூட்டிய பிறகுதான் கேட். அதுபோல நெட்வொர்க் வந்த பிறகு எழுந்த சேவை, நெட்வொர்க் போவதற்கு முன்னாடியே படுக்க வேண்டும். படுக்காத சேவைக்கு சாதாரணமாக 90 விநாடி அவகாசம் கொடுக்கப்படும். முதலில் 15-ஆம் எண் சிக்னல் போகும். "வேலையை முடிச்சுட்டுக் கிளம்பு" என்று அர்த்தம். அப்படியும் கிளம்பாவிட்டால் 9-ஆம் எண் சிக்னல். அதை எந்தப் புரோகிராமாலும் மறுக்க முடியாது.

90 விநாடி என்றால் ஒன்றரை நிமிஷம். மூன்றாவது மெஷின் நிற்கிற நேரமும் அதேதான். அப்போ ஏதோ ஒரு சேவை தன் அவகாசம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது என்று டீச்சர் சொன்னார்.

எது என்று எப்படித் தெரியும்? கறுப்புத் திரையில் வந்த வரியை ஒருத்தி படிக்க, ஒருத்தி நோட்டில் எழுதினோம். ஸ்டூடன்ட் ஃபைல் காப்பி என்பதற்காக ஒரு ஸ்டாப் ஜாப் ஓடுகிறது என்று இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் மெஷினில் எந்த ஃபைலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தோம். பிறகுதான் விஷயம் புரிந்தது. திரையில் வருவது சேவையின் பெயர் இல்லை, அதை வைத்தவர் எழுதிய விளக்கம். வீட்டு வாசலில் 'அன்பு இல்லம்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பவர் பெயர் அன்பு என்று ஆகிடாது இல்லையா? சிஸ்டம்சிடிஎல் என்று அடித்தால் சேவைகளின் பட்டியல் வரும். கடைசிப் பத்தியில் விளக்கம், முதல் பத்தியில் உண்மைப் பெயர்.

பெயர் கிடைத்ததும் அதன் ஸ்டேட்டஸைக் கேட்டோம். இங்கேதான் அடுத்த குழப்பம். 'ஆக்டிவ்' என்றும் போட்டிருக்கு, பக்கத்திலேயே 'எக்சிட்டட்' என்றும் போட்டிருக்கு. சேவை இருக்கிறது, ஆனால் புரோகிராம் எதுவும் ஓடவில்லை! அதனால்தான் ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலில் நாங்கள் எவ்வளவு தேடியும் இது அகப்படவில்லை.

அடுத்து சிஸ்டம்சிடிஎல் கேட் என்று அடித்து, பின்னால் சேவையின் பெயரைக் கொடுத்தோம். அந்தச் சேவைக்கு எழுதி வைத்த உத்தரவுத் தாள் அப்படியே திரைக்கு வந்தது. எக்செக்ஸ்டார்ட் என்ற வரியில், தொடங்கும்போது ஓட வேண்டிய புரோகிராம் ட்ரூ என்று இருந்தது. ட்ரூ என்பது எந்த வேலையும் செய்யாத ஒரு குட்டிப் புரோகிராம். "சரி" என்று சொல்லிவிட்டு உடனே போய்விடும். எக்செக்ஸ்டாப் என்ற வரியில்தான் உண்மையான வேலை இருந்தது. அதாவது மெஷினை அணைக்கும்போது மட்டும் எழுந்து வேலை செய்கிற சேவை இது. இப்படியும் ஒன்று வைக்கலாம் என்பதே எனக்குப் புதுசு.

இது லினக்ஸோடு வந்ததா, யாராவது வைத்ததா? அதற்கும் வழி இருக்கு. டெபியன் வகை லினக்ஸில் டிபிகேஜி என்ற கட்டளையோடு பெரிய எஸ் எழுத்தும் ஃபைலின் முழுப் பாதையும் கொடுத்தால், எந்தத் தொகுப்போடு வந்தது என்று சொல்லும். எங்களுக்கு "எதிலும் இல்லை" என்று பதில் வந்தது. உத்தரவுத் தாளும் இடிசி ஃபோல்டருக்குள் இருந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கையால் வைப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆக, நம்ம பள்ளியிலேயே முன்பு யாரோ வைத்தது.

கடைசியாக அந்த ஸ்கிரிப்டைத் திறந்தோம். ஆறே வரி. மாணவர் ஃபோல்டரில் இருக்கிற எல்லாவற்றையும் ஆர்சிங்க் என்ற புரோகிராம் மூலம் இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கச் சொல்லியிருந்தது. எந்தக் கம்ப்யூட்டர் தெரியுமா? மூலையில் மேசைக்குக் கீழே இருந்த பழைய சர்வர். அதை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுது. திரும்பி வரவே இல்லை.

பாவம், அந்தப் புரோகிராம் தினமும் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கு. 90 விநாடி ஆனதும் "நேரம் முடிந்தது" என்று குறிப்பு எழுதிவிட்டு சிஸ்டம்டி அதை நிறுத்திவிடும். அந்தக் குறிப்பும் ஜர்னலில் இருந்தது. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில் மைனஸ் பி, மைனஸ் 1 கொடுத்தால் போன தடவை மெஷின் ஓடியபோது எழுதியது வரும். சுவிட்சைத் தட்டி அணைத்த நாட்களில் அந்தக் கடைசி வரிகளே இல்லை. பாதியில் நின்றிருந்தது.

இதைப் பார்த்ததும் டீச்சர் முகம் மாறிவிட்டது. மெதுவாக அணைவது பெரிய விஷயமே இல்லை. ஒரு வருஷமாக நகலே எடுக்கப்படவில்லை! பத்தாம் வகுப்பு அக்காக்களின் செயல்திட்டங்கள், நாம் வரைந்த படங்கள், இந்தப் பத்திரிகையின் பழைய தாள்களைப் படம் எடுத்து வைத்தது எல்லாம் அந்த ஒரே ஹார்டு டிஸ்கில்தான் இருந்தன. அதே மெஷினைத்தான் நாம் தினமும் சுவிட்சில் அணைத்துக்கொண்டிருந்தோம். எழுதி முடிக்காத தகவல் மெமரியில் இருக்கும்போது கரண்ட் போனால் அது போனதுதான்.

அந்தச் சேவையை நீக்கியிருந்தாலும் மெஷின் சீக்கிரம் அணைந்திருக்கும். "சரியாயிடுச்சு" என்று நாமும் கைதட்டியிருப்போம். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தார். அப்புறம் ஸ்கிரிப்டில் பழைய சர்வரின் முகவரியை அழித்து இரண்டாவது மெஷினின் முகவரியைப் போட்டார். இப்போ நகலும் போகுது, மெஷினும் பன்னிரண்டு விநாடியில் அணையுது. நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது மெஷின் முன்கூட்டியே அணைந்திருந்தால் மட்டும் பழையபடி நிற்கும். அதனால் மூன்றை அணைத்த பிறகு இரண்டை அணையுங்க.

வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்வி வரும். டாஸ்க் மேனேஜரில் எஸ்விசி ஹோஸ்ட் என்ற ஒரே பெயர் வரிசையாக நிற்கும். அது வெறும் வீடு, உள்ளே குடியிருப்பது வேறு வேறு சேவைகள். கமாண்ட் பிராம்ப்டில் டாஸ்க்லிஸ்ட் என்று அடித்து ஒரு சாய்கோடு போட்டு எஸ்விசி என்று சேர்த்தால், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். இந்தப் பெயரை மாட்டிக்கொண்டு ஏமாற்றும் வைரஸ் நிஜமாகவே உண்டு. உண்மையான எஸ்விசி ஹோஸ்ட் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும். வேறு எங்காவது உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எப்படி அடிப்பது என்று கம்ப்யூட்டர் அறைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அழிச்சிடாதீங்க. பார்ப்பதற்கு மட்டுமான கட்டளைகள் அவை, மெஷினுக்கு எதுவும் ஆகாது. ஜர்னல் பார்க்க மட்டும் பாஸ்வேர்டு கேட்கலாம். அது டீச்சரிடம் இருக்கு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி